ஐப்பசியில் மேலூர்ப் பக்கம்

நவம்பர் 8, சனி

கோபியில் பஸ் ஏறும்போது சுள்ளென்று வெயில். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வாடிப்பட்டியில் பிடித்த மழை, ஆரப்பாளையத்தில் இறங்கும்போதும் விடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் கணுக்கால் தண்ணீர். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "நேத்து மேலுரம் போட்டவன் பொழப்பு போச்சு கண்ணு." மேலுரம் என்றால் நட்ட பயிருக்கு மேலாக வீசும் உரம், மழை அதை அடித்துக்கொண்டு போய்விடும். மதுரை மண்ணில் கால் வைத்ததும் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். முப்பது வருஷம் உரக்கடை நடத்தியவர். கடையை மூடிவிட்டாலும், மழை என்றால் அவருக்கு இன்னும் மூட்டைக் கணக்குதான்.

வந்த காரியம் காதுகுத்து. அப்பா கடைக்கு வருஷக்கணக்கில் வேப்பம் புண்ணாக்கு லோடு அனுப்பிய மேலூர்க்காரர் ஒருவர். ஏவாரம் முடிந்தும் பழக்கம் முடியவில்லை. அப்பாவுக்குத் தம்பி, எனக்குச் சித்தப்பா. அவர் பேத்திக்குத்தான் நாளைக்கு விசேஷம். கல்லூரியில் நான் வேதியியல் பாடம் நடத்துகிறேன். செமஸ்டர் லீவு என்பதால் அப்பாவுக்குத் துணையாகக் கிளம்பியாயிற்று.

மாட்டுத்தாவணியில் இட்லி, குடல் குழம்பு. இரண்டு பேருக்கு 240 ரூபாய். இட்லி பூ மாதிரி இருந்தது என்று எல்லோரும் எழுதுவார்கள். இது நிஜமாகவே கையில் எடுத்தால் உதிர்ந்தது. அப்பா குழம்பில் தேங்காய் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே மூன்றாவது கப் வாங்கினார்.

மேலூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. பூக்கூடைக்கார அம்மா ஒருவர் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இங்கிட்டு வா தாயி, ஒரு ஓரமா இடுக்கிக்க" என்று இடம் விட்டார். மல்லி கிலோ என்ன விலை என்று கேட்டேன். "ரெண்டாயிரம். மழையில மொட்டே இல்ல. எங்க வீட்டுக்காரரு கடுப்புல யூரியாவ வாரிப் போட்டாரு. செடி என்னமோ தளதளன்னு நிக்குது. மொட்டத்தான் காணோம்." அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "தழைச்சத்து இலைக்குத்தானுங்க போகும், சாம்பல்சத்து குடுங்க" என்றார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இறங்கும்போது ஒரு சாண் பூவைக் கிள்ளி என் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. ரெண்டாயிரம் விற்கிற பூ.

ஒத்தக்கடையில் யானைமலை நனைந்து கறுப்பாகப் படுத்திருந்தது. அதன் அடிவாரத்து வேளாண்மைக் கல்லூரி 1965இல் வந்தது என்று அப்பா சொன்னார். அவர் படிக்க ஆசைப்பட்டு இடம் கிடைக்காத கல்லூரி அது. அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை வெறித்துவிட்டது. கண்மாய்க்கரைக் குலசாமி கோயில், நாலாபுறமும் பிளக்ஸ் போர்டு. பேத்திக்கு வயது ஒன்று, போர்டிலோ 'எங்கள் குலவிளக்கே' என்று கூலிங்கிளாஸ் போட்டு நிற்கிறாள். தாய்மாமன் சீர் வந்தது பார்க்க வேண்டிய காட்சி. கொட்டு, வேட்டு, தாம்பாளத் தட்டுகள், முன்னால் மாலை போட்ட ரெண்டு கிடா. ஆசாரி கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு காதையும் குத்திவிட்டார். பிள்ளை வீறிட்டதும் வேட்டுச் சத்தமும் ஒன்றாகப் போயின.

பந்தியில் பரிமாறிய பையன் கேட்காமலே சோறு போட்டுக்கொண்டிருந்தான். "சாப்பிடுங்கண்ணே, கோயமுத்தூர்க்காரவுக கூச்சப்படுவாக." அப்பா "கோபிங்க, கோபி" என்று திருத்தத் திருத்த, அவன் கறியை அள்ளி வைத்துவிட்டுப் போனான். மொய் எழுதுகிற இடத்தில் மைக். "கோயமுத்தூர் உரக்கடை அண்ணன் ஆயிரத்து ஒண்ணு!" ஊரெல்லாம் கேட்டது. அதன் பிறகு அப்பாவைச் சுற்றிக் கூட்டம். கதிர் வெளுக்கிறது, பயிர் மஞ்சளாக நிற்கிறது, அந்த மருந்து நல்லதா, இந்த மருந்து நல்லதா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லாக் கேள்விக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்தது: "உங்க பக்கம் யூரியா கெடைக்குதாண்ணே?"

சாயங்காலம் சித்தப்பா வயலுக்குக் கூட்டிப் போனார். ஒண்ணே முக்கால் ஏக்கர். நட்டு இருபத்தைந்து நாளைத் தாண்டிய பயிர், நன்றாகத் தூர் கட்டியிருந்தது. இந்தப் பக்கம் எல்லாமே பெரியாறு தண்ணீர். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர், வைகையோடு சேர்ந்து, பேரணையில் பிரிந்து வாய்க்காலில் வருகிறது. கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். புரட்டாசி வாக்கில் தண்ணீர் விட்டால் கண்மாயை நிரப்பி, மடையைத் திறந்து, ஒரு நெல் எடுக்கலாம். "எங்க தடப்பள்ளி வாய்க்கால்ல ரெண்டு போகம் சாதாரணமுங்க" என்று அப்பா ஆரம்பித்தார். "அதான் உங்களுக்கு வகுறு பெருசா இருக்கு" என்றார் சித்தப்பா. வரப்பிலேயே நின்று இருவரும் சிரித்தார்கள்.

மேல வயல் கண்ணில் அடிக்கிற கரும்பச்சை. அப்பா குனிந்து ஓர் இலையை விரலுக்கிடையில் உருவிப் பார்த்து, "ஏக்கருக்கு ரெண்டு மூட்டை போட்டிருப்பானுங்க" என்றார். வரப்பு வெட்டிக்கொண்டிருந்த மேல வயல்காரர் நிமிர்ந்து, "ரெண்டுதான். எப்புடிண்ணே கண்டுபிடிச்சீக?" என்றார். அவருக்குப் பெருமை. அப்பாவுக்கு வயிற்றெரிச்சல். இவ்வளவு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏறினால் இலை மெத்தென்று ஆகிவிடும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் விருந்துக்கு வரும். தாள் உயர்ந்து, கதிர் முற்றும்போது ஒரு காற்றடித்தால் சாய்ந்துவிடும். இதை அவர் தன் கடை வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ தடவை சொன்னதுண்டு. ஒருவரும் கேட்டதில்லை. யூரியா போட்டால் ஐந்தாறு நாளில் பயிர் பச்சை கட்டுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. மணிச்சத்து வேருக்குச் செய்கிற வேலையை யார் தோண்டிப் பார்க்கிறார்கள்?

நான் பார்த்துக்கொண்டிருந்தது வாமடையை. மேல வயல் வரப்பில் ஒரு கை அகலத்துக்கு வெட்டிய வாய் வழியாகத் தண்ணீர் சித்தப்பா வயலுக்குள் விழுகிறது. அவர் வயலின் தெற்கு மூலையில் இன்னொரு வாய். அங்கிருந்து கீழ வயலுக்கு. தனித்தனி வாய்க்கால் கிடையாது. வயல் வழியாகத்தான் வயலுக்குப் பாசனம்.

"அப்ப நீங்க போடுற யூரியா கீழ வயலுக்குப் போகாதா சித்தப்பா?"

"போகும்த்தா. மேல வயக்காரன் போட்டது எனக்கு வரும். கூட்டிக் கழிச்சா சரியாப் போயிரும்."

வேதியியல்காரிக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. தண்ணீரோடு போவது பக்கத்து வயலுக்குப் போகட்டும், ஆகாயத்துக்குப் போவதை யார் திருப்பித் தருவார்கள்? யூரியாவை நின்ற தண்ணீரில் வீசினால் ஓரிரு நாளில் கரைந்து அம்மோனியாவாகிறது. வயல் தண்ணீரில் பாசி இருக்கிறது. பகலில் அது தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. காரம் ஏறினால் அம்மோனியா வாயுவாகிக் கிளம்பிவிடும். அதனால்தான் தண்ணீரை வடித்துவிட்டு, சேற்றின் மேல் உரத்தை வீசி, மறுநாள் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். நெல் வயலில் போடும் நைட்ரஜனில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதம். மிச்சம் ஆவியாகவோ, நைட்ரேட்டாகக் கரைந்து கிணற்றுக்கோ, நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றுக்கோ போகிறது.

வரப்பில் உளுந்து ஊன்றியிருந்தார் சித்தப்பா. அவரைக் கேட்டு ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரில் கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவில் முடிச்சு முடிச்சாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பு, நகக்கண்ணில் லேசாக ஈரம். நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம் அது. உள்ளேயிருந்து காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு அளந்து ஆக்சிஜன் கொடுக்கிற வேலை அதற்கு. ஜெர்மன் வேதியியலார் ஹேபர் 1909இல் பரிசோதனைச் சாலையில் செய்து காட்டி, போஷ் 1913இல் ஓப்பாவ் ஆலையில் பெரிய அளவில் ஓடவிட்ட அம்மோனியா தயாரிப்பை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். 400, 500 டிகிரி சூடு, இருநூறு மடங்கு காற்றழுத்தம், இரும்பு வினையூக்கி, ஹைட்ரஜனுக்கு இயற்கை எரிவாயு. அதே வேலை இந்த வரப்பில், ஐப்பசி ஈரத்தில், சத்தமில்லாமல் நடக்கிறது. மாணவர்களுக்கு முடிச்சைக் கிள்ளிக் காட்டியதில்லை. இனிமேல் காட்ட வேண்டும்.

திரும்பும்போது அப்பாவின் புதுச் செருப்பில் ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது. அரை மணி நேரம் துழாவியும் கிடைக்கவில்லை. "அடியுரமா இருக்கட்டும்ண்ணே" என்றார் சித்தப்பா.

ராத்திரி தூக்கம் வராமல் ஒரு மொய்க் கவரின் பின்னால் கணக்குப் போட்டேன். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் 46 சதவீதம் நைட்ரஜன் என்றால் 20.7 கிலோ. மேட்டு நிலத்தில் போடும் நைட்ரஜனில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் என்பது ஐபிசிசியின், அதாவது பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின், பொதுக் கணக்கு. வாயுவாக அது சுமார் 325 கிராம். நூறு வருஷக் கணக்கில் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைப்போல 273 மடங்கு சூடேற்றும். ஆக, ஒரு மூட்டைக்குக் கிட்டத்தட்ட 89 கிலோ கரியமில வாயு. யூரியா மண்ணில் உடையும்போது அதில் கட்டிவைத்த கரியமில வாயு 33 கிலோ தனியாக வெளியே வரும். ஆலையில் எரித்த எரிவாயுவை இதில் சேர்க்கவில்லை. தண்ணீர் நின்ற நெல் வயலில் நைட்ரஸ் ஆக்சைடு இதைவிடக் குறைவுதான். ஆனால் அங்கே காற்றுப் புகாத சேற்றிலிருந்து மீத்தேன் வரும், அதுவும் சூடேற்றும் வாயுதான். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று எட்டிப் பார்க்கும்.

நவம்பர் 10, திங்கள்

காலை ஏழு மணிக்கே கூட்டுறவு சங்க வாசலில் வரிசை. ராத்திரி லாரி வந்ததாம். சித்தப்பாவின் அம்மா பேரில்தான் நிலம், ஆதாரும் அவருடையது, ஆகவே அப்பத்தாவையும் பைக்கில் ஏற்றி வந்தாயிற்று. எண்பது வயதிருக்கும். வரிசையில் நிற்பவர்கள் அவருக்கு ஒரு மூட்டைச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார வைத்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். டீ 12 ரூபாய். வெளியூர்க்காரி என்று தெரிந்து எனக்கும் ஒருவர் வாங்கிக் கொடுத்துவிட்டு, காசைக் கையால் மறித்தார்.

எங்கள் முறை வந்தபோது மணி பத்தரை. கருவியில் அப்பத்தா கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. இன்னொரு முறை. சிவப்பு. நாற்று நட்டும் களை பறித்தும் ரேகை தேய்ந்துபோன விரல் அது. பக்கத்தில் நின்று பார்த்தேன். வழவழவென்று, நடுவில் மட்டும் அரிவாள் கீறிய ஒரு பழைய கோடு. "தலையில தடவிட்டு வை ஆத்தா" என்றார் ஒருவர். எண்ணெய்த் தலையில் தேய்த்து வைத்தார். சிவப்பு. சேலையில் துடைத்து வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல், இடது கை, எதுவும் இல்லை. கடைசியில் வலது மோதிர விரலுக்குப் பச்சை விழுந்தது. வரிசையே கை தட்டியது.

அதற்குள் யூரியா தீர்ந்துவிட்டது.

கோபப்பட்டு யாரும் கத்தவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். "அடுத்த லாரி எப்ப?" என்று மட்டும் கேட்டார்கள். சங்கத்துப் பையன் கையை விரித்தான். மூட்டை விலை 266 ரூபாய் 50 காசு. அரசாங்கம் கொடுக்கும் மானியம் அதைப்போலப் பல மடங்கு. வயலுக்குப் போகும் பொருள்களில் இவ்வளவு மலிவானது வேறெதுவும் கிடையாது. களை எடுக்க ஓர் ஆளுக்குக் கொடுக்கும் கூலிக்கு ஒரு மூட்டைக்கு மேலே யூரியா வாங்கலாம். மலிவாகவும் இருக்கிறது, வேண்டும்போது கிடைப்பதும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் மனுசன் கிடைக்கும்போது வாங்கி, கையிலிருக்கும்போது போட்டுவிடத்தான் செய்வான்.

டவுனில் ஒரு தனியார் கடையில் இருந்தது. ஆனால் மூட்டையோடு ஒரு பாட்டில் நானோ யூரியாவும் எடுக்க வேண்டுமாம். கட்டாயமில்லை, ஆனால் எடுக்காவிட்டால் மூட்டை இல்லை. சித்தப்பா முறைத்தார். அப்பா கடைக்காரரை விட்டுக் கொடுக்கவில்லை: "அவரு தலையில மேல இருக்கறவங்க கட்டுவாங்க தம்பி, அவரு உங்க தலையில கட்டுறாரு. நானும் வாங்கிக் கட்டிக்கிட்டவந்தான்." வெளியே வந்து நான் கேட்டதற்கு விளக்கம் வேறு. 2021இல் அந்த பாட்டில் வந்தபோது அரை லிட்டரில் 4 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20 கிராம். மூட்டையில் இருப்பது 20 கிலோ. இலையில் தெளிப்பதால் வீணாகாது என்பது அவர்கள் வாதம். வீணாகாமல் இருபது கிராமும் உள்ளே போனாலும் அது இருபது கிராம்தானே? ஒரு டன் நெல் விளைய பயிருக்கு 15 முதல் 20 கிலோ நைட்ரஜன் வேண்டும். துகளைச் சின்னதாக்கினால் கணக்கும் சின்னதாகிவிடுமா என்ன. விஞ்ஞானிகளும் இதில் இரண்டு கட்சி. நான் எந்தக் கட்சி என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

மூட்டை வாங்காமல் திரும்பினோம். வழியில் பருத்திப்பால், டம்ளர் 20 ரூபாய். சுக்கு தூக்கலாக, தொண்டைக்கு இதமாக இருந்தது. அப்பத்தா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "அப்பயெல்லாம் யூரியாவுக்கு யாரு நின்னா? மாசியில கண்மாயி வத்துனா வண்டி வண்டியா கரம்பை அடிப்போம். கெடை போடுவோம். ராமநாதபுரத்துக் கீதாரி ஐநூறு ஆட்டோட வருவாரு. ஒரு ராத்திரி கெடை, ஒரு போகத்துக்குத் தாங்கும்" என்றார். கரம்பை என்பது கண்மாய் வண்டல். கெடை என்பது ஆட்டு மந்தையை ராத்திரி வயலில் அடைத்து வைப்பது. சரி, ஆட்டுப் புழுக்கையிலிருந்தும் மூத்திரத்திலிருந்தும்கூட நைட்ரஸ் ஆக்சைடு வரத்தான் செய்யும். அதை அப்பத்தாவிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு ஊருக்குள் தொப்பி போட்ட பெண்கள் நால்வர். வேளாண்மைக் கல்லூரிக் கடைசி வருஷ மாணவிகள், கிராமத்தில் தங்கிப் படிக்கிற பயிற்சிக்காக வந்தவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களை 'அக்ரி பிள்ளைக' என்கிறார்கள். அதில் ஒருத்தி கையில் இலை வண்ண அட்டை. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஆறு பட்டை, ஒவ்வொன்றுக்கும் எண். விலை சொற்பம், மின்சாரம் வேண்டாம், படிப்பு வேண்டாம். நெல்லுக்கு எப்போது யூரியா போடுவது என்பதை நாள் பார்த்து முடிவு செய்யாமல், இலையைப் பார்த்து முடிவு செய்ய வைக்கிற சாமான்.

சித்தப்பா வயலில் இறங்கினோம். பூச்சி, நோய் இல்லாத குத்தாகப் பத்து குத்து. ஒவ்வொன்றிலும் முழுசாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டை மேல் வைக்க வேண்டும். வெயில் நேராக விழக்கூடாது. அந்தப் பெண் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தன் நிழலில் வைத்துப் பார்த்தாள். பொன்னி மாதிரி ரகங்களுக்கு 3, மற்றவற்றுக்கு 4 என்பது எல்லைக்கோடு. பத்தில் ஆறு இலை அதற்குக் கீழே போனால் யூரியா போடலாம். வாரம் ஒரு தடவை, பூக்கும் வரைக்கும். அவள் எண் சொல்லச் சொல்ல இன்னொருத்தி நோட்டில் எழுதினாள். நாலு, அஞ்சு, நாலு, மூணு, அஞ்சு. எல்லைக்குக் கீழே போனது மொத்தம் மூன்றே இலை.

"இந்த வாரம் யூரியா வேணாம் சார்" என்றாள்.

அப்பா வெடித்துச் சிரித்தார். நேற்று மூன்றரை மணி நேரம் நின்றும் கிடைக்காத யூரியா, வேண்டவே வேண்டாமாம். மேல வயல்காரர் வீசிய இரண்டு மூட்டையில் ஒரு பங்கு வாமடை வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"சரித்தா. இன்னைக்கு வேணாம்னு அட்டை சொல்லுது. அடுத்த வாரம் வேணும்னு சொல்லும். அன்னைக்கு சங்கத்துல யூரியா இருக்கும்னு யாரு சொல்லுவா?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், அவர்கள் படிப்பில் அதற்குப் பதில் இல்லை. என் படிப்பிலும் இல்லை. சம்சாரிக்குத் தெரியவில்லை, அதனால் உரத்தை அள்ளிக் கொட்டுகிறான் என்று கருத்தரங்குகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இந்த வயலில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். யூரியாவும் வேப்பம் புண்ணாக்கும் 5:1 என்று கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போட்டால் நைட்ரேட்டாக மாறுவது நிதானப்படும் என்பது சித்தப்பாவின் ஏவாரமே. 2015இல் எல்லா யூரியாவுக்கும் வேம்பு பூசியே தீர வேண்டும் என்று அரசு சொல்வதற்கு வெகு முன்னால் அவர் லோடு ஏற்றியவர். தெரிவதற்கும் செய்வதற்கும் நடுவில் லாரி வரும் நாளும் மடை திறக்கும் நாளும் நிற்கின்றன. அதைப் பற்றிக் கருத்தரங்கு போடுவோர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்து குழாய். ஒரு முழத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் குழாய், கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை. வயலில் பாதி புதையும்படி இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். மேலே சேறு காய்ந்த மாதிரி தெரிந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் தெரியும். அது மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று இங்கே பெரியவர்கள் சொல்வதுதான். சேற்றுக்குள் காற்று போவதால் மீத்தேன் பாதி அளவுக்குக்கூடக் குறையும். நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், உரம் அளவாக இருந்தால் மொத்தத்தில் லாபம்தான். தண்ணீரும் மிச்சம்.

கிணறு வைத்திருக்கும் ஒருவர் வயலில் அந்தக் குழாய் நிற்கிறது. நன்றாக இருக்கிறது என்கிறார். மோட்டார் போட்டால் தண்ணீர், நிறுத்தினால் நின்றது. கரண்டு இலவசம் என்பதால் மிச்சம் பிடித்து அவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை, ஆனாலும் செய்கிறார்; கிணறு வற்றிவிடும் என்ற பயம். சித்தப்பாவால் முடியாது. அவர் வயலைக் காயப்போட்டால் கீழ வயலுக்குத் தண்ணீர் போகாது. வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர், விட்டால் உண்டு. நாளைக்கு வரும் என்று நம்பி இன்றைக்கு வடிப்பது கிணற்றுக்காரருக்கு எளிது, கண்மாய்ப் பாசனத்துக்காரருக்குச் சூதாட்டம். குழாயை ஒரு வயலில் நட்டால் போதாது. ஒரு மடையில் பாயும் அத்தனை பேரும் ஒரே நாளில் நட வேண்டும், மடையைத் திறந்துவிடும் நீர்பாய்ச்சிக்காரரும் அதற்குச் சம்மதிக்க வேண்டும். இதை அந்தப் பெண்களில் மூத்தவள் குறித்துக்கொண்டாள். "சார்கிட்ட சொல்றேங்க்கா" என்றாள்.

மத்தியானம் அரிட்டாபட்டி போனோம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், 2022இல் அறிவித்தது. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊரே திரண்டதும், 2025 ஜனவரியில் அது ரத்தானதும் செய்தியில் பார்த்தது. குடைவரைக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். உள்ளேயிருந்து ஒரு பாட்டி, யார் என்ன என்று கேட்காமல், அவித்த கடலையை முறத்தோடு நீட்டினார். குடைவரையைப் பார்க்கவில்லை. கடலை நன்றாக இருந்தது.

நவம்பர் 12, புதன்

ஊருக்குத் திரும்பும் வழியில் சோழவந்தானில் இறங்க வேண்டும் என்று அப்பா பிடிவாதம். கொடிக்காலைப் பார்க்க வேண்டுமாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை. உள்ளே நுழைந்தால் வெளியே அடிக்கிற புழுக்கம் இல்லை. வரிசை வரிசையாக அகத்தி, அதில் கொடி ஏறிக் கிடக்கிறது. அகத்தியை முதலில் விதைத்து, வளர்ந்த பிறகுதான் வெற்றிலைக் கொடியை ஊன்றுகிறார்கள். நிழலுக்கும் ஆச்சு, தாங்குவதற்கும் ஆச்சு. அகத்தியும் உளுந்து வகையறாதான், வேரில் முடிச்சு உண்டு. கீரையை ஆட்டுக்கு விற்றால் காசு. யூரியா போடுவீர்களா என்று அப்பா கேட்டார், வேறெதைக் கேட்பார். கொடிக்கால்காரர் வெற்றிலையைக் கிள்ளி, முதுகில் நரம்பை உருவிக்கொண்டே, "போட்டா எலை அகலமா வரும். கவுளி கட்டி அனுப்புனா ரெண்டாம் நாளே அழுகிரும். ஏவாரி திருப்பி அடிச்சுருவான்" என்றார். மல்லிக்கு மொட்டு, நெல்லுக்குத் தாள், வெற்றிலைக்கு ஆயுசு. தழைச்சத்து கூடினால் அடி வாங்கும் இடம் பயிருக்குப் பயிர் வேறு. கிளம்பும்போது ஒரு கவுளி, அதாவது ஒரு கட்டு வெற்றிலை, கொடுத்தார். வற்புறுத்திக் காசு கொடுத்ததற்கு, பாதியைத் திருப்பித் தந்தார்.

திண்டுக்கல்லில் பஸ் பஞ்சர். முக்கால் மணி நேரம் ஓரமாக நின்றோம். அப்பா சித்தப்பாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பஸ்ஸே கேட்டது.

"அண்ணே, யூரியா லோடு வந்துருச்சு. ரெண்டு மூட்டை எடுத்துட்டேன். அப்பத்தா வெரலு மொதத் தடவையே விழுந்துருச்சு."

"போட்றாதீங்க தம்பி. அட்டை வேண்டாம்னு சொல்லுச்சல்ல. வீட்டுல வைங்க, ஈரம் படாம."

"வீட்டுல எங்கண்ணே வைக்க? கூடமெல்லாம் ஒழுகுது. சாக்கு நனைஞ்சா கல்லாப் போயிரும்."

"அப்ப தண்ணிய வடிச்சுட்டாவது வீசுங்க."

"வடிச்சா கீழ வயக்காரன் மம்பட்டியத் தூக்கிட்டு வருவான். அவன் நேத்துதான் போட்டான்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "சரி, கட்டில் மேல வச்சு தார்ப்பாயப் போட்டு மூடுங்க. ஒரு வாரந்தானே?" என்றார்.

"கட்டில்ல அப்பத்தா படுத்துருக்குண்ணே" என்றார் சித்தப்பா.